மச்சினியின் பிராஞ்ச்

ஆபீஸில் எனக்குத் துடைப்பம் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் அறையை விட்டு வெளியே போய் மூன்று விநாடி கழித்துக் கூப்பிடுவார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நாங்கள் மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். மருந்துப் பாட்டில் மேல் ஒட்டும் சீட்டை அச்சடிப்பது எங்கள் மென்பொருள்தான். எல்லோருடைய வேலையும் ஒரு சர்வரில் இருக்கும். அதன் நகல் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் இருக்கும். புதிதாக எதையாவது செய்ய நினைப்பவர் மெயின் என்கிற பொது வடிவத்திலிருந்து தனக்கென்று ஒரு பிராஞ்ச், அதாவது கிளை, பிரித்துக்கொண்டு, அதில் அடித்துத் திருத்தி, சரியானதும் திரும்ப மெயினோடு சேர்ப்பார். சேர்க்காமல் விட்ட பிராஞ்சுகள் சர்வரில் அப்படியே கிடக்கும். முடிக்காத வீட்டுக் கம்பிகள் மாதிரி அவை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆபீஸில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், ஐந்து மாதமாக யாரும் தொடாத பிராஞ்சுகள் முப்பத்தெட்டையும் சர்வரிலிருந்து அழித்தேன். பெயரைப் பார்க்கவில்லை, தேதியை மட்டும் பார்த்தேன். சர்வரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். என் லேப்டாப்பிலும் அதே சுத்தம். பிறகு ஒரு காபி போட்டுக்கொண்டு, தலை வாரிவிட்ட குழந்தையைப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டரை மணிக்கு மச்சினியின் மேஜையைத் தயார் செய்யப் போனேன்.

மச்சினி என்றால் என் மனைவியின் தங்கை. எங்கள் ஆபீஸில்தான் வேலை. பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் திரும்ப வருகிறாள். போவதற்கு முன் அவள் செய்துகொண்டிருந்தது கண் சரியாகத் தெரியாதவர்களுக்கான பகுதி. சீட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். வயிறு மேஜையில் இடிக்க இடிக்க நான்கு மாதம் உட்கார்ந்து எழுதினாள். பதினோரு மணிக்கு மேனேஜரிடம் காட்ட வேண்டும். ஓடினால் அடுத்த வெளியீட்டில் சேரும். ஓடாவிட்டால் அந்தப் பகுதியையே கைவிடுவதாக மேனேஜர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

அவளுடைய பழைய லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் துடைத்து இன்னொருவருக்குக் கொடுத்தவனும் நான்தான். ஆகவே பாவத்துக்குப் பரிகாரமாகப் புது லேப்டாப்பில் அவளுடைய பிராஞ்சை இறக்கி வைத்துவிடலாம், வந்ததும் சந்தோஷப்படுவாள் என்று தேடினேன்.

இல்லை.

மறுபடி தேடினேன். எழுத்துப்பிழையாக இருக்கும் என்று மூன்றாவது முறை தேடினேன். ஆறு மாதமாக அதை யாரும் தொடவில்லை. எப்படித் தொடுவார்கள்? தொட வேண்டியவள் பிள்ளை பெறப் போயிருந்தாள்.

கையில் இருந்த காபி ஆறிப்போனது அப்புறம்தான் தெரிந்தது.

மற்றவர்கள் லேப்டாப்பில் நகல் இருக்குமே என்று ஒரு நிமிடம் உயிர் வந்தது. அடுத்த நிமிடம் அதுவும் போனது. ஏனென்றால் என் சுத்தம் என் மேஜையோடு நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் ஒன்றை எழுதி எல்லோருடைய லேப்டாப்பிலும் போட்டிருந்தேன். லேப்டாப் ஆபீஸ் வைஃபையைப் பிடித்ததும் அது தானாக ஓடும். சர்வரில் இல்லாத பிராஞ்ச் எதுவும் லேப்டாப்பிலும் இருக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. தடயம்கூட வைக்காது. அதற்காக ஒரு மீட்டிங்கில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். மேனேஜர் மட்டும்தான் தட்டினார், ஆனாலும் கைதட்டல்தான்.

வாசலுக்கு ஓடினேன்.

முதலில் வந்தவர் டேட்டாபேஸ்காரர். பெரிய உடம்பு, சின்ன பை.

"அண்ணே, லேப்டாப்பைத் திறக்காதீங்க!"

"ஏன், குண்டு வச்சிருக்கியா?"

"திறந்தீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க."

"மாடிப்படியிலயே திறந்துட்டேனே. நம்ம வைஃபை அங்கயே நல்லா கிடைக்குது. ஏம்ப்பா, முகமெல்லாம் வெளுத்துருக்கு? சாப்பிட்டியா?"

அடுத்து டிசைனர். அவளிடம் பிராஞ்ச் எதுவுமே இருந்ததில்லை, படங்கள் மட்டும்தான். "எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, நான் வழியை மறித்து நிற்பதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவதாக மச்சினி வந்தாள். பத்து மணிக்கு வர வேண்டியவள் ஒன்பதே காலுக்கே வந்துவிட்டாள். வேலைக்கு வருகிற சந்தோஷம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. தோளில் பால் கறை ஒன்று, அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன அத்தான், வாசல்ல நின்னு வரவேற்பா? ஒரு மாலையாவது வாங்கியிருக்கலாம்ல?"

சொன்னேன். சுற்றி வளைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன், வளைவில் தடுக்கி விழுந்து நேராகவே சொல்லிவிட்டேன்.

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"சர்வர்ல?"

"அதான் முதல்ல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு. மேஜைக்குப் போய், புது லேப்டாப்பின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துப் போட்டு, உட்கார்ந்தாள்.

"அக்காட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்கிட்ட சொல்றதுக்கே பாதி உயிர் போயிடுச்சு."

"மீதியை வச்சுக்கோங்க. சாயங்காலம் தேவைப்படும்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நினைவிலிருந்து முதல் ஃபைலை அடிக்க ஆரம்பித்தாள். நான்கு மாத வேலை, ஒன்றே முக்கால் மணி நேரம். அவளுக்கும் கணக்குத் தெரியும். ஆனாலும் அடித்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதே முதுகைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னலைத் துடைத்தேன்.

அப்போதுதான் முட்டுக்கட்டை உள்ளே வந்தாள்.

அவள் எங்கள் டெஸ்டர். நாங்கள் எழுதுவதில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். எந்த வெளியீடும் அவளைத் தாண்டி லேசில் போகாது என்பதால் அந்தப் பெயர். மெலிந்த உருவம், குரல் உயராது, ஆனால் "இது பாஸ் ஆகல" என்று சொன்னால் மேனேஜர்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அவள் பையிலிருந்த லேப்டாப் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.

"போச்சு, உன்னோடதும் ஓடிடுச்சா?" என்றேன்.

"என்ன ஓடிடுச்சா?"

"என் ஸ்கிரிப்ட்."

"அத நான் போன வருஷமே நிறுத்திட்டேனே. டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், பாஸ் ஆகல. யாராவது லீவ்ல இருந்தா அவங்க வேலையை முழுங்கிடும்னு உங்களுக்கு மெயில்கூட போட்டேன்."

எனக்கு அந்த மெயில் ஞாபகம் இல்லை. என் இன்பாக்ஸ் எப்போதும் காலியாக இருக்கும். அதிலும் எனக்குப் பெருமைதான்.

மச்சினி நாற்காலியோடு திரும்பினாள். "அப்ப என் பிராஞ்ச் உங்கிட்ட இருக்கா?"

"இருக்கு." முட்டுக்கட்டை லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். கொஞ்சம் தயங்கினாள். எதையும் கூசாமல் திருப்பி அனுப்புகிறவள் தயங்கி நான் பார்த்ததே இல்லை. "ஆனா நீ விட்டுட்டுப் போன மாதிரி இல்ல. நான் கொஞ்சம் கை வச்சிருக்கேன். கோவிச்சுக்கக் கூடாது."

திரையைத் திருப்பினாள்.

மச்சினி போன நாளிலிருந்து மெயின் எங்கேயோ ஓடிவிட்டது. டேட்டாபேஸ் இரண்டு தரம் மாறியது, திரையின் அமைப்பே மாறியது. ஆறு மாதம் முந்தைய வேலையைக் கொண்டுவந்து ஒட்டினால் நூறு இடத்தில் இடிக்கும். பிரித்துச் சரிசெய்யவே ஒரு மாதம் ஆகும். இந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள் என்றால், ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் சர்வரிலிருந்து புது மெயினைத் தன் லேப்டாப்புக்கு இறக்கி, மச்சினியின் பிராஞ்சோடு கலந்து, இடித்த இடங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கிறாள். இருபத்தாறு வாரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு.

மச்சினி மெல்ல வாசித்தாள். "'டேட்டாபேஸ் மாறியது. உன்னுடைய மூன்றாவது பக்கத்தில் இடித்தது. உன்னுடையதையே வைத்திருக்கிறேன்.' ... 'இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. முடிவு உன்னுடையது. தற்காலிகமாகப் பழையதை விட்டிருக்கிறேன்.'"

பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். ஐந்தாவது வாரக் குறிப்பு: "பெண் பிறந்திருக்கிறாளாம். இந்த வாரம் எதுவும் இடிக்கவில்லை."

"ஏன் சர்வருக்கு ஏத்தல?" என்று கேட்டேன். குற்றம் சாட்டுகிற தொனி எனக்கே கேட்டது; அந்த நிலையிலும் நாக்கு அடங்கவில்லை.

"அவ பிராஞ்ச். அவ பார்க்காம அவ பேர்ல நான் எப்படி ஏத்துறது?"

"எங்க யார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்ல என்ன இருக்கு? திங்கக்கிழமை காலைல எனக்கு வேற வேலையும் இல்ல. நீங்க எழுதறதெல்லாம் பத்து மணிக்கு மேலதான உடையும்."

மூன்று வருடம் இவளோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் நிறுத்திய வெளியீடுகளை எண்ணி வைத்திருக்கிறேன். இதை எண்ணத் தோன்றியதே இல்லை.

மச்சினி அந்தப் பிராஞ்சைத் தன் புது லேப்டாப்புக்கு நகலெடுத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு மேனேஜர் வந்து, அவள் சொன்னபடி கண்ணாடியைக் கழற்றி, மங்கலாகத் தெரிந்த சீட்டின் முன் உட்கார்ந்தார். மச்சினி பொத்தானை அழுத்தினாள். "காலை ஒன்று, இரவு ஒன்று. சாப்பிட்ட பிறகு," என்றது கம்ப்யூட்டர், அவசரப்படாத ஒரு குரலில். மேனேஜர் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்.

"எங்க அப்பாவுக்கு இது இருந்திருக்கணும்," என்றார். "சேத்துடுங்க."

மச்சினி பிராஞ்சை மெயினோடு சேர்த்துச் சர்வருக்கு ஏற்றினாள். சர்வர் ஏற்க மறுத்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

டேட்டாபேஸ்காரர் தன் மூலையிலிருந்து கையைத் தூக்கினார். "நான்தாம்ப்பா. பத்து நிமிஷம் முன்னாடி ஒண்ணு ஏத்துனேன். அத இறக்கிக் கலக்காம வேற எதையும் வாங்காது."

"கட்டாயப்படுத்தி ஏத்துறதுக்கு ஒரு கமாண்ட் இருக்கு," என்று நான் கீபோர்டுப் பக்கம் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முட்டுக்கட்டை நகரவில்லை. அவளுக்கு அது இரண்டு நிமிட வேலை. இருபத்தாறு தரம் செய்தவள். ஆனாலும் மச்சினியின் நாற்காலிக்கு ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். மச்சினி டேட்டாபேஸ்காரரின் மாற்றத்தைக் கீழே இறக்கினாள். ஒரே இடத்தில் இடித்தது. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாள், உதட்டைக் கடித்தாள், அவருடையதை வைத்துக்கொண்டு தன்னுடையதை மாற்றினாள். குறிப்பு எழுதினாள். ஏற்றினாள்.

இந்த முறை சர்வர் வாங்கிக்கொண்டது.

மச்சினி, குழந்தை பால் குடித்ததா என்று கேட்கப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். முட்டுக்கட்டை தன் இடத்தில் உட்கார்ந்து ஏதோ தட்டினாள். அவள் தோளுக்கு மேல் பார்த்த நான் அலறியே விட்டேன். தன் லேப்டாப்பிலிருந்த மச்சினியின் பிராஞ்சை அழித்துக்கொண்டிருந்தாள், இருபத்தாறு வாரத்தையும் சேர்த்து.

"ஏம்மா, நீயுமா!"

"பதறாதீங்க," என்றாள் திரும்பாமல். "மெயின்ல சேர்ந்தாச்சு. சர்வர்ல இருக்கான்னு ரெண்டு தரம் பார்த்துட்டேன். இப்ப அழிக்கலாம்."

மூன்றாம் தரம் நான் பார்த்தேன். இருந்தது.