கை தூக்கும் வேலை

நெற்றியிலிருந்து உச்சிவரை முடியைப் பின்னி முடித்து, இடது காதுப் பக்கம் வகிடு எடுக்க அப்ராஃபி கையைத் தூக்கியபோது, நாற்காலியில் இருந்த பெண் சட்டென்று எழுந்துகொண்டாள்.

"கொஞ்சம் வெளியில நிக்கிறேன். மூச்சு முட்டுது."

வங்கியில் வேலை பார்க்கிறவள். மறுநாள் அக்கா மகளின் கல்யாணத்துக்கு அக்ரா போக வேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பாதித் தலை பின்னலும் பாதித் தலை புதருமாக வாசலில் போய் நின்றாள். குமாசிச் சந்தைக்குப் போகிற கூட்டம் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அந்த வெட்கத்தையும் பொறுத்துக்கொண்டு ஒருத்தி தெருவில் நிற்கிறாள் என்றால், உள்ளே இருப்பது அதைவிடத் தாங்க முடியாததாக இருக்க வேண்டும். திரும்பி வந்தவள் கடைக்கார அம்மா டுஃபியேயின் காதில் ஏதோ சொன்னாள். டுஃபியே அப்ராஃபியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போக்குவா, இந்தப் பக்கத்த நீ முடிச்சுக் குடு. அப்ராஃபி, நீ போய்ப் பின்னல்ல சேக்கிற அந்த முடிக்கட்டுகளப் பிரிச்சு வை."

பதினோரு வருஷமாக அந்தக் கடையில் பொடிப் பின்னலுக்கு அப்ராஃபியின் கையை மிஞ்ச ஆளில்லை. போக்குவாவுக்கு விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். மூலையில் உட்கார்ந்து முடிக்கட்டுகளைப் பிரித்துக்கொண்டே, தான் பின்னிய பாதியும் போக்குவா பின்னும் பாதியும் ஒரே தலையில் ஒட்டாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் விளக்கவில்லை. விளக்க வேண்டியும் இருக்கவில்லை.

பதின்மூன்று வயதில் வந்தது அந்த வாடை. பள்ளிக்கூட பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் ஒருநாள் நடுவில் தன் பையை எடுத்து வைத்தாள். மறுநாள் இரண்டு பைகள். அன்றிலிருந்து காலையும் மாலையும் குளியல்தான். வலைநாரால் தோல் கன்றிப் போகும்வரை தேய்ப்பாள். பவுடர், உருட்டித் தடவுகிற வாசனைக் குப்பி, எதையும் விட்டுவைக்கவில்லை. பத்து மணிவரை சோப்பு மணக்கும். பத்தரைக்கு அது வந்துவிடும். அப்படியிருந்தும் போய் விழுந்தது இந்தத் தொழிலில். நின்று பின்னுகிறவளின் அக்குளும் உட்கார்ந்திருப்பவளின் மூக்கும் ஒரே உயரம். நாளடைவில் அவள் மூக்குக்கு அது பழகிப்போயிற்று. ஊர் மூக்குக்கும் பழகியிருக்கும் என்று எப்படியோ நம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் புருஷன் முன்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"ஓபெங், உண்மையச் சொல்லு. நாறுதா?"

ஓபெங் முகத்தைக் கொண்டுவந்து ஆழமாக இழுத்தான். "சோப்பு வாசம்தான் வருது. எவ சொன்னா? சொல்லு, போய் நாலு கேக்கிறேன்."

அவளுக்கு மனசு லேசாகிப் போனது. துணி எடுக்கக் கொடிக்குப் போனாள். திரும்பி வரும்போது அடுப்பில் சோறு தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது. ஓபெங் இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு வருஷமாகக் கார்ப் பட்டறையில் பெயிண்ட் பீச்சுகிறவன். கரிந்த சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம் இவன் பக்கத்தில் படுத்ததையல்லவா சாட்சியாக வைத்திருந்தோம்!

மறுநாள் மதியம், கென்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கிக்கொண்டு வந்த போக்குவாவை அப்ராஃபி கடைக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"நீ சொல்லு. அந்தப் பொம்பள சொன்னது நெசமா?"

போக்குவா மீனையே பார்த்தாள். "நெசம்தான்க்கா."

"எவ்வளவு நாளா?"

"நான் வந்ததுலேர்ந்து."

"நாலு வருஷம்டி! வாயில என்ன வச்சிருந்த?"

"எப்படிக்கா சொல்றது? ஊர்லேர்ந்து வந்து நின்னப்ப உன் பாயில படுக்க இடம் குடுத்தவ நீ. அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சுது. அப்பச் சொல்லியிருந்தா என்னை மனுஷியாவா மதிச்சிருப்ப? அப்புறம் ஒவ்வொரு நாளும், நேத்தே சொல்லாதத இன்னிக்கு எப்படிச் சொல்றதுன்னு போயிருச்சு." மீன் பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "படிகாரம் தேய்ச்சுப் பாருக்கா. எங்க சித்திக்குக் கேட்டுது. எலுமிச்சையும் நல்லதுங்கிறாங்க."

கோபம் யார்மேல் என்று அப்ராஃபிக்குப் பிடிபடவில்லை. மீனை அவள் தொடவில்லை.

படிகாரம் தேய்த்தாள். நாலு நாள் தேவலை போலிருந்தது. ஐந்தாம் நாள் பழைய கதை. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினாள். அது வெள்ளை வெள்ளையாக ரவிக்கையில் உதிர்ந்தது. சந்தையில் மூலிகை விற்பவள் வெங்காயத்தையும் மீனையும் நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினாள். கடைசியில் எலுமிச்சை. முதலில் அரைப் பழம், பிறகு முழுப் பழம், காலையிலும் மாலையிலும். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை முடியை மழித்த கையோடு சாற்றைப் பிழிந்துவிட்டாள். உயிர் போய் வந்தது. குளியலறைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். வெளியே முறை வைத்து வாளியோடு காத்திருந்த பக்கத்துக் குடித்தனக்காரி, "உள்ள பிரசவமா நடக்குது?" என்று கத்தினாள்.

தோல் உரிந்து கறுத்தது. சட்டை ஒட்டிக்கொண்டது. கடையில் இப்போது வருகிறவர்களைச் சின்ன முக்காலியில் உட்கார வைத்தாள். கையைத் தூக்காமல், முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு பின்னினாள். "உனக்கு என்ன, ராணி மாதிரி எல்லாரையும் காலடியில போட்டுக்கிட்ட?" என்று டுஃபியே கிண்டல் செய்தாள். குரலில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. நாற்றம் போனதா, கையை இறுக்கியதால் அடங்கியதா என்று அவளுக்குத் தெரியாது. போக்குவாவிடம் கேட்க வாய் வரவில்லை. போக்குவாவும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, கடை சீக்கிரம் மூடியது. வீட்டுக்கு வந்தபோது மகள் செர்வா பள்ளிச் சீருடையோடு முற்றத்தில் நின்றிருந்தாள். போன மாதம்தான் பதினொன்று முடிந்தது.

"இன்னும் கழட்டலையா? வா." சீருடையின் விளிம்பைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்தாள். செர்வா "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கைகளை இறுக்கிக்கொண்டாள்.

"என்னடி? விழுந்தியா?"

அறைக்குள் கூட்டிப்போய்க் கையை மெல்லப் பிரித்தாள். பிஞ்சு அக்குளில், முடிகூட முளைக்காத இடத்தில், தோல் சிவந்து நீர் கோத்திருந்தது. நடுவில் ஒரு எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்ராஃபி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"யாரு உன்னை இதப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ பண்றல்ல."

"எனக்கு இருக்கு, பண்றேன். உனக்கென்ன?"

"எனக்கும் இருக்கோ என்னவோ." செர்வா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நமக்குத் தெரியாதுல்லம்மா. உனக்கே தெரியலியே. மத்தவங்களுக்குத்தான தெரியும்."

"பள்ளிக்கூடத்துல எவளாவது ஏதாவது சொன்னாளா?"

"சொல்லல." பிறகு, "சொல்லமாட்டாங்கல்ல?" என்றாள்.

ஈரத்துணியால் புண்ணை ஒற்றி எடுத்தாள். விதையை நகத்தால் தள்ளினாள். ஷியாக் கொட்டை வெண்ணெயை விரல் சூட்டில் உருக்கித் தடவியபோது பிள்ளை நடுங்கியதே தவிர அழவில்லை. இன்னொரு கைக்கும் தடவினாள். தன் புண்ணுக்கு ஒருநாளும் தடவிக்கொள்ளத் தோன்றியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"இனிமே அந்தப் பழத்த நீயும் தொடக்கூடாது, நானும் தொடமாட்டேன். கேட்டுதா?"

"சரி. ஆனா நீ மோந்து பாத்துச் சொல்லு." செர்வா வலது கையை உயர்த்தினாள். "அப்பா வேண்டாம். அப்பாவுக்கு மூக்கு இல்ல. நீ சொல்லு. பொய் சொல்லாம."

அப்ராஃபி குனிந்தாள். முதலில் வெண்ணெயின் கொழுப்பு வாசனை. அதற்கடியில் எலுமிச்சையின் புளிப்பு. அதற்கும் அடியில், புண்ணின் ஈரத்தோடு, இன்னொன்று. வெங்காயத் தோலைப் போல, மிக மெல்லிசாக. மகளுடையதா, தன் அக்குளிலிருந்தே வருகிறதா? கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

முற்றத்தில் யாரோ ராச்சாப்பாட்டுக்கு உரலில் ஃபூஃபூ இடிக்கத் தொடங்கினார்கள். சத்தம் சீராகச் சுவரில் வந்து மோதியது. அவள் இன்னும் நிமிரவில்லை. செர்வா வலியில் மூக்கு விடைக்க, விரல்கள் கூரையை நோக்கி விரிந்திருக்க, தூக்கிய கையை இறக்காமல் நின்றாள்.