வதீயின் மிடறு

திராட்சைக் கொடிகள் துளிர்விடும் வாரத்து ஞாயிறன்று, காலைப் பூசை முடிந்த பிறகு, தர்ஸி குடும்பத்தின் ஒயின் குகையில் ஒரு காலி நாற்காலிக்கு முன்னால் வைக்கப்படும் கோப்பையில் சிவப்பு ஒயின் ஒரு மிடறு குறையும். யாரும் கோப்பையைத் தொடுவதில்லை. அந்த நாற்காலி வதீயினுடையது. மூத்தவர் நக்லேக்குத் தம்பி, ஓடெட்டுக்கு அண்ணன், நஜ்லாவுக்குப் புருஷன். உள்நாட்டுப் போரின் மோசமான வருடங்களில் ஒன்றில், லாரி நிறைய பாட்டில் ஏற்றிக்கொண்டு பெய்ரூத்துக்குக் கிளம்பியவன், மலைக் கணவாயில் ஆயுதக்காரர்கள் வைத்திருந்த சோதனைச் சாவடியைத் தாண்டவில்லை. லாரி கிடைத்தது. சாவி அதிலேயே தொங்கியது. பாட்டிலில் ஒன்றுகூட உடையவில்லை. ஆளை மட்டும் காணவில்லை.

முதல் வருடம் கோப்பை குறைந்தபோது ஓடெட் மீதுதான் பழி விழுந்தது. அவளுக்குக் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கும் பழக்கம் உண்டு. மறு வருடம் ஊர்ப் பங்குச் சாமியார் அபூனா புத்ருஸ் நேரில் வந்து, கோப்பையில் ஒயின் நின்ற மட்டத்துக்கு ஒரு கறுப்பு நூலைக் கட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். நூல் கட்டிய இடத்திலேயே இருந்தது, ஒயின் அதற்குக் கீழே இறங்கியது. இதற்குத் திருச்சபையில் விதி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பெக்கா சமவெளியில் எங்கள் பக்கத்து ஆட்கள், வெங்காயம் என்ன விலை, இந்த வருஷம் வதீ குடித்தானா என்று ஒரே மூச்சில் விசாரிக்கப் பழகிக்கொண்டார்கள். பிள்ளையைத் தொலைத்த பெண்கள் வடக்கிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் புகைப்படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். தங்கள் பிள்ளைகள் மது தொடமாட்டார்கள் என்று சொல்லிச் சிலர் தேநீர் கேட்டு வாங்கி அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார்கள். தேநீர் ஆறியதே தவிர ஒரு சொட்டுக் குறையவில்லை. நஜ்லா அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள், போகும்போது பையில் உலர்ந்த அத்திப்பழம் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் கண்ணைப் பார்க்கத்தான் அவளுக்கு முடியவில்லை. தனக்குக் கிடைத்தது திருட்டுப் பொருள் மாதிரி கூச்சமாக இருந்தது.

அந்த ஞாயிறன்று ருசி பார்க்கும் முறை, பிரெஞ்சுக்காரர்கள் ரயில் பாதை போட வந்த காலத்தில் இந்தக் குகையைக் குடைந்த முதல் தர்ஸி வகுத்தது. அன்று காலையில் யாரும் காப்பி குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, வாசனைத் தைலம் பூசக் கூடாது. எல்லோருக்கும் ஒரே கோப்பை. பிறந்த வரிசைப்படி ஒருவர் ஒரு மிடறு. பெண்டாட்டி புருஷனுக்கு அடுத்து, அவன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடிக்க வேண்டும். ஒருவர் கையில் கோப்பை இருக்கும் நேரம், பரமண்டல மந்திரத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லும் நேரம். சுற்று முடியும்வரை பேச்சு கிடையாது. முடிந்ததும் மூத்தவர், ஒயின் பக்குவத்துக்கு வந்துவிட்டது என்ற பொருளில், "வந்தாச்சு" என்பார். அதன் பிறகுதான் அந்த வருடத்து ஒயின் பாட்டிலுக்குப் போகும். வதீ இல்லாத வருடங்களிலும் கோப்பை அவன் நாற்காலியில் நின்றுவிட்டுத்தான் நஜ்லாவிடம் வந்தது. அப்படி வரும்போது அதன் விளிம்பில் ஓரிடம் வெதுவெதுப்பாக இருக்கும். நஜ்லா அங்கே உதட்டை வைத்துக் குடிப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அவளுடைய தாம்பத்தியம் அவ்வளவுதான், வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மந்திரம் சொல்லும் நேரம். ஊரில் அவள் வயதுப் பெண்கள் சிலர் புருஷன் பக்கத்திலேயே இருந்தும் இதைவிடக் குறைவாகத்தான் பெற்றிருந்தார்கள் என்பதும் உண்மை.

வதீக்கு அந்தக் குடும்பத்திலேயே நல்ல நாக்கு. முன்பல்லில் ஒரு பெரிய இடைவெளியும் உண்டு. தர்ஸிகள் ஒயினைத் துப்புவதில்லை. ருசி பார்த்துத் துப்புவதற்குப் பாத்திரம் கேட்கும் வெளியூர் வியாபாரிகளை, வாந்தி வருகிறதா என்று கேட்டுக் கலாய்ப்பார்கள். ஆனால் மீசை அரும்பிய வயதில் வதீ ஒருமுறை துப்பினான். சுற்று நடந்துகொண்டிருந்தபோதே, பல்லிடுக்கு வழியாக மெல்லிய சாட்டை போல ஒயின் சீறி இடப்பக்கச் சுவரில் விழுந்தது. அப்பன் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு விசாரித்ததில், கணக்குப்பிள்ளை சொந்தத் தோட்டத்துத் திராட்சையோடு மைத்துனன் தோட்டத்துக் கூடைகள் சிலவற்றையும் தொட்டியில் கொட்டியிருந்தது தெரிந்தது. அறைந்த கையாலேயே அப்பன் அன்று மதியம் மகனுக்கு ஆட்டுக்கறி ஊட்டினார். கணக்குப்பிள்ளை வேறு வேலை தேடிக்கொண்டான்.

இரண்டாயிரத்து ஆறில் மறுபடி குண்டு விழுந்தது. பாலங்கள் உடைந்தன, திராட்சை பறிக்க வரும் கூலியாட்கள் எல்லை தாண்டி ஓடிவிட்டார்கள். சண்டை நின்ற பிறகு நக்லே, தான் ஏதோ சமாளித்துவிட்டதாகச் சொன்னார். தொட்டி நிறைந்திருந்தது, அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் உம்மென்றே இருந்தார். பனி உருகியதும் ஒரு நாள் நஜ்லாவின் சமையலறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அவள் மலைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இருபத்தோரு வருஷம் ஆச்சு நஜ்லா. நானும் கிழவனாயிட்டேன். எம் மகன் தோனி கனடாவ விட்டு வரப்போறதில்ல. பெய்ரூத்துக் கம்பெனிக்காரன் கூட்டுக்கு வரேங்கிறான். சொத்து மூணு பேர் பேர்ல கெடக்கு. மூணாவது கையெழுத்துக்கு நான் எங்க போவேன்?"

"என்னதான் செய்யணுங்கிறீங்க, அபூ தோனி?" மூத்த பிள்ளையின் பேரைச் சேர்த்து அப்பனைக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"காணாமப் போனவங்கள இறந்தவங்கன்னு பதியச் சட்டமே வந்திருக்கு. பெண்டாட்டி கையெழுத்துப் போட்டாப் போதும்."

"வருஷா வருஷம் குடிக்கிறவரு எப்படி இறந்தவராவாரு?"

"அத நீதிபதிகிட்டப் போய்ச் சொல்லு. ஐயா, கோப்பையில ஒரு மிடறு கொறஞ்சுது, அதனால எம் புருஷன் உசுரோட இருக்காருன்னு சொல்லு. கேட்டுக்குவாரு."

நஜ்லா கீரையில் இல்லாத புழுவைத் தேடினாள். நக்லே குரலை இறக்கி, "இந்த வருஷம் குடிச்சான்னா நான் சாகுறவரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கமாட்டேன். குடிக்கலேன்னா நீ கையெழுத்துப் போட்டுடணும்" என்றார். அவள் உடனே சரி என்றாள். கோப்பை பொய்த்ததே இல்லை என்ற தைரியம். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வதீக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, அவனுடைய அப்பன் அந்த வயதில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எந்தச் சிறையிலோ எந்தக் குழியிலோ, மருந்து உண்டோ இல்லையோ. அன்று முதல் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. துணிக்கடையில் கறுப்புத் துணியைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய் நடந்தாள்.

அந்த ஞாயிறு வந்தது. குகையில் நாலே பேர். நக்லே, நஜ்லா, ஓடெட், சாட்சிக்காக அபூனா புத்ருஸ். சாமியாரின் மடியில் தாள் இருந்தது, பேனா இருந்தது. காப்பி குடிக்காததால் ஓடெட்டுக்குத் தலைவலி, எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். நக்லே பீப்பாயிலிருந்து இறக்கி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒரு மிடறு குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோப்பையைக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தார்.

நஜ்லா மனதுக்குள் மந்திரத்தை ஆரம்பித்தாள். வழக்கமாக "அன்றன்றுள்ள அப்பம்" என்ற இடத்துக்கு வரும்போது ஒயின் இறங்கும். வந்தாள், தாண்டினாள், ஆமென் வந்துவிட்டது. ஒயின் அசையவில்லை. அவள் நக்லேயைப் பார்த்தாள், அவர் ஒரு விரலைக் காட்டினார், இன்னொரு முறை என்று. இரண்டாவது மந்திரம் முடிந்தது. ஓடெட் தலைவலியை மறந்துவிட்டாள். மூன்றாவதை அவர்கள் நான்கு பேருமே உதடு அசையச் சொன்னார்கள், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. பீப்பாயின் அடியில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. ஒயின் அதே மட்டத்தில் நின்றது.  செத்துப்போனது அவனா தானா என்று நஜ்லாவுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"போதும்" என்றார் நக்லே. சுற்று முடியாமல் ஒருவர் பேசியது அந்தக் குகையில் அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஒரு தாளுக்காகத் தம்பியைச் சாகச் சொன்னவர், அவன் செத்ததும் குழந்தை மாதிரித் தேம்பினார். சாமியார் தாளை மேசையில் விரித்தார். நஜ்லா பேனாவை வாங்கினாள். வாக்குக் கொடுத்தாயிற்று. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அபூனா விரலால் காட்டினார், எல்லோரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அது சீறியது. காலி நாற்காலியில், உட்கார்ந்திருப்பவரின் வாய் இருக்கும் உயரத்திலிருந்து, மெல்லிய சாட்டை போல ஒயின் இடப்பக்கம் பாய்ந்து, தாளின் குறுக்கே கோடு இழுத்து, அபூனாவின் தாடியை நனைத்து, சுவரில் போய் விழுந்தது. கோப்பையில் ஒரு மிடறு குறைந்திருந்தது. அபூனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓடெட் சிலுவை போட்டுக்கொண்டாள். நக்லேயின் முகம்தான் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது.

"அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர். "பறிக்க ஆளில்ல. கொடியிலேயே அழுகிப்போச்சு. அப்பன் காலத்துலயும் தாத்தன் காலத்துலயும் இந்தத் தொட்டி ஒரு வருஷம் காலியாக் கெடந்ததில்ல, என் காலத்துல கெடக்கணுமா? மலைக்கு அந்தப் பக்கம் போய் வாங்கிட்டு வந்தேன். அதே சாதிக் கொடிதான். ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

அவர் நினைத்தது தப்பில்லை, உடம்போடு அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை. நஜ்லா பேனாவைக் கீழே போட்டாள். இருபத்தோரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. காலி நாற்காலியைப் பார்த்து அவள் கத்தினாள். "வீட்டுக்கு வர வழி தெரியல, துப்புறதுக்கு மட்டும் வழி தெரியுதா? மூணு தடவை மந்திரம் சொல்ல வச்சுட்டு மோந்து பாத்துக்கிட்டு இருந்தியா? நான் இங்க செத்துப் பொழைக்கிறேன், உனக்கு ருசி கேக்குதா?" பிறகு அழுதாள், அழுகையின் நடுவிலேயே சிரிப்பும் வந்தது. சுவரில் வழிந்த கோட்டைத் தொட்டுப் பார்த்து, "பல்லு விழல அபூனா. அந்த இடுக்கு அப்படியே இருக்கு" என்றாள்.

முறை முறைதான் என்பதால் சுற்றை முடித்தார்கள். நஜ்லா கோப்பையை எடுத்து விளிம்பைத் திருப்பித் தேடினாள். வெதுவெதுப்பான இடம் இருந்தது. குடித்தாள், வெளித் திராட்சை என்று அவள் நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஓடெட் தன் மிடற்றைக் குடித்துவிட்டு, "நல்லாத்தானேண்ணே இருக்கு" என்றாள். நக்லே எழுந்து நின்று, அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லியிராத வார்த்தையைச் சொன்னார். "வரல."

தொட்டி மொத்தமும் வினிகர் போடுபவனிடம் போனது. அந்த வருடம் தர்ஸி சிவப்பு கிடையாது என்று வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரன் கொஞ்ச நாள் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டு ஓய்ந்துபோனான். கறை விழுந்த தாளைச் சாமியார் அடுப்பில் போட்டார், சுவரில் விழுந்ததை நஜ்லா துடைக்கவிடவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் சொந்தக் கொடியில் நல்ல விளைச்சல். நக்லே, மிதித்துப் பிழிந்த சாற்றில் ஒரு கரண்டி எடுத்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, காலி நாற்காலியின் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருந்தார் என்று ஓடெட் ஊரெல்லாம் சொன்னாள்.

மறு வருடம் கோப்பை நாற்காலிக்கு வந்தபோது, "அன்றன்றுள்ள அப்பம்" வருவதற்கு முன்பே ஒயின் இறங்க ஆரம்பித்தது. ஒரு மிடற்றோடு நிற்கவில்லை. போன வருடத்துப் பங்கையும் சேர்த்துக் குடிக்கிறான் என்று நக்லே கண்ணாலேயே ஓடெட்டுக்குச் சொன்னார், தன் பங்குக்கு மிச்சம் வருமா என்று அவள் எட்டிப் பார்த்தாள். நஜ்லா எதையும் கவனிக்கவில்லை. அவளுடைய முறை வந்ததும் கோப்பையை எடுத்து விளிம்பில் உதட்டை வைத்தாள். சூடாகவே இருந்தது.