அத்தான் அடைகாத்த ஞாயிற்றுக்கிழமை

அத்தானைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். முதல் வகையில் நீதிபதியும் உண்டு, பிக்பாக்கெட்டும் உண்டு. இரண்டாவது வகையில் அத்தான் மட்டும். அதனால் மாமனார் வீட்டுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் முன்னால் போகும், வயிறு அதற்கும் முன்னால் போகும்.

அந்த வீட்டின் சின்னவள் இயற்பியல் படித்தவள். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. ஏதோ கிரீடம் என்று நினைத்துவிட வேண்டாம். மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும். பெயிண்ட் அடிக்கப் போகும் அப்பாவின் போனில் மேஸ்திரி அனுப்பும் செய்திகளுக்குப் பதில் போட வேண்டும். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அம்மாவுக்காக சூப்பர்வைசரிடம் போனில் மரியாதையாகச் சண்டை போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, "இவ்ளோ படிச்சு என்னத்தக் கிழிச்சே?" என்ற கேள்வியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கிரீடம்.

வேலை ஒன்று கிடைக்காமல் இல்லை. அங்கே மேனேஜர் அவளைச் "செல்லம்" என்று கூப்பிட்டார். பதிலுக்கு அவள் அவரைக் "கிழடு" என்று கூப்பிட்டாள். வேலை அன்றோடு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் குஞ்சு பொரிக்கிற பெட்டி செய்ய உட்கார்ந்தாள். மீன்காரர் தூக்கிப் போட்ட தெர்மாகோல் பெட்டி, ஒரு குண்டு பல்பு, செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன், சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் மறுபடி ஏற்றும் ஒரு கருவி, ஈரத்துக்கு ஒரு டப்பா தண்ணீர். மூடியில் கண்ணாடி பதித்து ஒரு ஜன்னல். எத்தனை தடவை கழுவினாலும் லேசாக மீன் வாசம். இது ஒழுங்காகப் பொரித்துவிட்டால் அடுத்ததைச் செய்து விற்கலாம், அப்புறம் அதற்கு அடுத்தது. யாரும் தன்னைச் செல்லம் என்று கூப்பிடாத தொழில். அதுதான் அவளுடைய திட்டம்.

அத்தானிடமும் ஒரு திட்டம் இருந்தது. கடைக் கவுன்டரில் நிற்க ஆள் வேண்டும். சம்பளம் கேட்கக் கூச்சப்படும் ஆளாக இருந்தால் நல்லது. மச்சினியை விட்டால் வேறு யார்?

"கோழி பாக்கற வேலைய நீ ஏம்மா பாக்கறே, பட்டதாரி?" என்றார், பெட்டியை முதன்முதலில் பார்த்த அன்று.

"கோழி உங்கள மாதிரி அத்தான். வேலைய யார் தலையிலயாவது கட்டிட்டு மேயப் போயிருக்கு."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தானுக்குச் சுருக்கென்றது.

"ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை உன் மிஷின்ல பொரியட்டும். அப்புறம் கடைங்கற பேச்சையே எடுக்க மாட்டேன். பொரியலையா, மூணு வாரம் முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை காலைல கவுன்டர்ல வந்து நிக்கணும். என்ன சொல்றே?"

"சரி."

"மாப்பிள்ளை சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு" என்றார் அப்பா. மாப்பிள்ளை சொல்வதில் என்றைக்கு அவருக்கு நியாயம் தெரியாமல் இருந்தது? மழை கீழேயிருந்து மேலே பெய்கிறது என்று மாப்பிள்ளை சொன்னால் அப்பா குடையைத் தலைகீழாகப் பிடிப்பார்.

சேவலோடு திரிகிற கோழிகளின் முட்டைகளாகத் தேடி வாங்கி வந்து வைத்தாள். காலையும் மாலையும் திருப்பினாள். ஒருநாள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, போன் டார்ச்சை ஒரு முட்டைக்கு அடியில் பிடித்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஓட்டுக்குள் சிவப்பாக நரம்பு ஓடியது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துள்ளியது.

"அடப்பாவி, உசுரோட இருக்குடி!" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அந்த மூலைப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மகளிடம் அல்ல, முட்டைகளிடம்தான் அந்த மரியாதை.

மூன்றாவது வாரக் கடைசி. இனி முட்டையைத் திருப்பவும் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. 'தொடாதே' என்று பெரிதாக எழுதி மூடியில் ஒட்டினாள். ஒட்டிய பிறகுதான் தோன்றியது, இந்த வீட்டில் எதையும் நின்று படிக்கிற ஒரே ஆள் தான்தான் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் சாப்பிட வந்தார்கள். முட்டைகளுக்குள்ளிருந்து கீச் கீச் என்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. ஒன்றின் ஓட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். சின்னவள் அதைக் காட்டியபோது அத்தான் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது.

"விரிசல் விட்டா பொரிஞ்சதா அர்த்தம் இல்ல" என்றார். "வெளிய வரணும்."

சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பாடு நீண்டது, அத்தானின் பேச்சு அதைவிட நீண்டது. கை கழுவிவிட்டு வந்த சின்னவள் மூலையைப் பார்த்தாள். பெட்டிக்குள் வெளிச்சம் இல்லை. சுவரில், அவளுடைய பிளக் இருந்த இடத்தில், அத்தானின் போன் சார்ஜர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவளுடைய பிளக் தரையில் கிடந்தது.

"யார் இதப் புடுங்குனது?"

"போன்ல சார்ஜ் இல்லம்மா. அஞ்சு நிமிஷம்னு போட்டேன், மறந்துட்டேன். இதுக்குப் போயி ஏன் கத்தறே? இரு, நானே மாட்டித் தரேன்."

"நீங்க தொடாதீங்க—"

தொட்டார். மாமனார் வீட்டில் அத்தான் தொடக்கூடாதது என்று ஒன்று உண்டா? கை கழுவிய ஈரத்தோடு சார்ஜரை உருவிவிட்டு, அவளுடைய பிளக்கைச் சொருகி ஒரே அமுக்கு. படார் என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. வீட்டில் ஃபேன் நின்றது. மேல்மாடியில் யாரோ திட்டினார்கள். கீழ்வீட்டில் டி.வி. வாயை மூடிக்கொண்டது.

மெயின் பியூஸ் வீட்டுக்காரரின் பூட்டுக்குள் இருந்தது. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். "நாளைக்குத்தான் வருவேன்" என்று போனிலேயே கொட்டாவி விட்டார்.

சின்னவள் வெந்நீர் போட்டு பாட்டில்களில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். தெர்மாமீட்டர் கிடுகிடுவென்று ஏறியது. பதறி எடுத்தால் சரசரவென்று இறங்கியது. இப்படியே போனால் பாதி அவிந்துவிடும், மீதி விறைத்துவிடும். கீச் சத்தம் மெலிய ஆரம்பித்திருந்தது.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு டிகிரி" என்று முணுமுணுத்தாள். "ஏறாம இறங்காம, மணிக்கணக்கா, அசையாம..."

சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினாள். அதே நேரம் அக்காவும் தலையைத் தூக்கினாள். இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அப்பா ஏணிக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார். அம்மா வேலைக்குக் கிளம்ப வேண்டும். உண்ட பிறகு மணிக்கணக்கில் அசையாமல் படுப்பதில் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் அனுபவம் இருந்தது.

"என்னங்கடி அப்படிப் பாக்கறீங்க?" என்றார் அத்தான்.

"படுங்க" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"சட்டையக் கழட்டிட்டுப் படுங்க."

"அடியே, உங்கப்பா முன்னால!"

"அவரு பாக்காத தொப்பையா? படுங்கன்னா படுங்க."

விஷயம் புரிந்ததும் அத்தான் எகிறினார். "இதுங்க பொரிஞ்சா பந்தயத்துல நான் தோத்துருவேன்ல? என் தோல்விய நானே அடைகாக்கணுமா?"

"பிளக்கப் புடுங்கி ஜெயிச்சவருன்னு கடை வாசல்ல போர்டு வெச்சுடறேன்" என்றாள் அக்கா. "சைஸ் என்ன, சொல்லுங்க."

அத்தான் படுத்தார்.

வயிற்றின் மேல் ஒரு துண்டு, துண்டின் மேல் முட்டைகள், முட்டைகளின் மேல் கம்பளி. அப்பா ஓர் ஓரமாக நின்று, "மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டுதா?" என்று விசாரித்தார். முட்டைகள் கீச்சென்றதும் மாப்பிள்ளைக்குக் கூசியது, சிரிக்கவும் முடியவில்லை. பிறகு வழக்கம்போலத் தூங்கிப்போனார். அவர் குறட்டை விட்டால் முட்டைகள் பதில் கொடுத்தன. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் மூன்று வார உழைப்பு அந்த மேட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயும் நேரம் அத்தான் திடுக்கென்று கண்ணைத் திறந்தார்.

"ஏய்... உதைக்குது."

"அசையாதீங்க."

"என் வயித்துல உதைக்குதுடி!"

கம்பளியை விலக்கினால், ஓட்டைப் பாதியாகப் பிளந்துகொண்டு, நனைந்த துடைப்பம் மாதிரி ஒன்று அவர் தொப்புள் பக்கமாகச் சரிந்தது. கறுப்பு. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு இன்னும் இரண்டு. சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"மிஷின் பொரிக்கல. நான் பொரிச்சேன்."

"என்னது?"

"பந்தயம் என்ன? உன் மிஷின்ல பொரியணும். இது மிஷினா?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். "நாளைக்குக் காலைல கடைக்கு வந்துடு."

"மூணு வாரம் என் பெட்டி அடைகாத்துச்சு. கடைசில கொஞ்ச நேரம் நீங்க கெடந்தீங்க. அதுவும் நீங்க புடுங்குனதால!"

"கோல் போட்டவன் பேர்தாம்மா பேப்பர்ல வரும்."

"மாப்பிள்ளை சொல்றதுல—" என்று அப்பா ஆரம்பித்தார். சின்னவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நியாயத்தைப் பாதியிலேயே விழுங்கினார்.

அன்றிரவு அத்தான் வீட்டுக்குப் போகவில்லை. குஞ்சுகள் அவருடைய நெஞ்சு ரோமத்தில் தூங்கின.

திங்கட்கிழமை சின்னவள் கடைக்குப் போனாள். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் தனியாகப் போகவில்லை. பேப்பர் கட்டு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவுன்டர்மேல் பொத்தென்று வைத்தாள்.

"வீட்ல இன்னும் கரண்ட் வரல. இதுங்களுக்குச் சூடு வேணும். பெத்தவர் நீங்க இங்க இருக்கீங்க, கூட்டிட்டு வந்துட்டேன்."

கடையில் நல்ல கூட்டம். அத்தானின் குரல் கேட்டதும் நான்கும் பெட்டியிலிருந்து எம்பிக் குதித்து அவரை நோக்கி ஓடின. அத்தானுக்கு வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

"என் வயித்துல பொறந்ததுங்க" என்றார் வரிசையில் நின்ற வக்கீலிடம். வக்கீல் ஓரடி தள்ளி நின்றார்.

"என் குரல் கேட்டா போதும். முட்டைக்குள்ள இருந்தே தெரியும் இதுங்களுக்கு. பாருங்க, இந்தக் கறுப்பு என்னைவிட்டு ஒரு நிமிஷம்கூட—"

கறுப்பைக் காணவில்லை.

அது ஜெராக்ஸ் மிஷினின்மேல் இருந்தது. காலையிலிருந்து நிற்காமல் ஓடிய மிஷின், இதமாகச் சூடேறியிருந்தது. கறுப்பு மூடியின்மேல் வயிற்றைப் பரப்பிக் கண்ணை மூடியிருந்தது. மற்ற மூன்றும் சூடாகக் காகிதம் வந்து விழுகிற தட்டுக்குள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. அத்தான் கூப்பிட்டார். கொஞ்சினார். நாக்கால் டக் டக் என்று சத்தம் போட்டார். எடுத்து நெஞ்சோடு வைத்தார். கறுப்பு கீச்சென்று கத்தி, திமிறி, மறுபடி மிஷின்மேலேயே போய் விழுந்தது. போகிற போக்கில் வக்கீலின் பத்திரத்தில் ஒரு முத்திரையும் வைத்தது.

"இதுக்கு அம்மா அந்த மிஷின்தான் போலிருக்கே" என்றாள் வரிசையில் நின்ற நர்ஸ். கடையே சிரித்தது.

சின்னவள் கவுன்டரில் கையூன்றி வேடிக்கை பார்த்தாள். அத்தானின் முகம், ஆசையாக வளர்த்த பிள்ளை அடுத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததைப் பார்த்த முகம் மாதிரி ஆகிவிட்டது.

"நன்றி கெட்டதுங்க!" என்று கத்தினார். "ராத்திரி பூரா புரண்டு படுக்காம கெடந்தேன்டி இதுங்களுக்காக! எடுத்துட்டுப் போ. எனக்கும் இதுங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உன் மிஷின்தான் பொரிச்சுச்சு, போ! போய் அந்த மிஷினையே கட்டிட்டு அழு!"

"சத்தமாச் சொல்லுங்க அத்தான், வக்கீல் சார் காதுல விழட்டும்."

"மிஷின்தான் பொரிச்சுச்சு! போதுமா?"

"எனக்கு நல்லாவே கேட்டுச்சு" என்றார் வக்கீல், பத்திரத்தைத் துடைத்தபடி.

சின்னவள் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். மீன்காரரிடம் இன்னொரு தெர்மாகோல் பெட்டி கேட்க வேண்டும். இந்தத் தடவை பிளக்குக்கும் ஒரு பூட்டு. தெரு முனை வரைக்கும் போயிருப்பாள், பின்னாலிருந்து அத்தானின் குரல் துரத்தியது.

"ஏய் பட்டதாரி! அந்தக் கறுப்புக்குத் தண்ணி சில்லுனு வெச்சுடாதே, அதுக்கு ஆகாது!"