கீப்பர் சொன்னால் கோல்

1
இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. ஆலைகளின் கால்பந்து லீக்குக்கு நாற்பதாவது ஆண்டு மலர். அதற்கு வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். ‘தொழிலாளர்களின் வியர்வையில் விளைந்த இந்த லீக்...’

(வேண்டாம். வியர்வை நாறும், விளையாது.)

2
வேறு தொடக்கம். எட்டு அணிகள், ஒரே மைதானம். கோல் கம்பத்தில் வலை கட்டினால் மறுநாளே யாரோ கோழிக்கூட்டுக்கு அறுத்துக்கொண்டு போனார்கள். அதனால் ஒரு விதி வைத்தார்கள்: பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்று கீப்பர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். பதினொரு வருடம் இதற்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. (‘யாரும்’ கொஞ்சம் மிகை.)

3
பன்னிரண்டாம் வருட இறுதியாட்டம், கடைசி நிமிடம், இரு பக்கமும் கோல் இல்லை. பட்டறை அணியின் கீப்பர் ஒரு வெல்டர். எதிரணியில் பந்தை அடித்தவன் அவர் மனைவியின் தம்பி. பந்து கம்பத்தை உரசினாற்போல் பறந்தது.

“வெளிய” என்றார் வெல்டர்.

“மாமா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

“வெளியன்னா வெளிய. போடா, போய்த் தண்ணி குடி.”

பெனால்டியில் பட்டறை ஜெயித்தது. மறுவாரம் மச்சினன் வேலையை விட்டான், ஊரையும் விட்டான். இருபத்தெட்டு வருடமாக ஒரு கடிதாசி இல்லை.

4
விவரம் கேட்க வெல்டர் வீட்டுக்குப் போனேன்.

“கோல்னு எழுதிடு தம்பி.”

“அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா?”

“பொய் சொல்லணும்னாலும் பாத்திருக்கணுமே! பந்து வந்த வேகத்துல, வெல்டிங் முகமூடிய இறக்குற மாதிரி தலை வெடுக்குன்னு குனிஞ்சிடுச்சு. கண்ணும் மூடிக்கிச்சு. பதினஞ்சு வருசப் பழக்கம். தெறந்து பாத்தா பந்து பின்னால கெடக்கு.”

“தெரியலன்னு சொல்லியிருக்கலாமே?”

“கீப்பரே தெரியலன்னா, சிரிக்க மாட்டானுங்க?”

சமையலறையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு வந்தார். “இத எங்கிட்டகூடச் சொல்லலியே, பாவி மனுசா!” பிறகு என்னிடம்: “கோல்னே எழுதுப்பா. ரெண்டு கோல்னு வேணாலும் எழுது. அவன் வந்தாப் போதும்.”

5
முடிவு ஒன்று: மலரைப் படித்த மச்சினன், பையும் கையுமாக வாசலில் வந்து நிற்க, அக்கா ஓடிப்போய்...

(நிறுத்திவிட்டேன். ஆண்டு மலரை அச்சடித்தவனே படிப்பதில்லை.)

முடிவு இரண்டு: ‘கோல்’ என்று எழுதிவிடுகிறேன். பார்க்காமலே இரண்டாம் தடவையும் தீர்ப்பு. கை வரவில்லை.

அந்தப் பந்தைக் கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்தவன் அடித்தவன் ஒருவன்தான். ஐம்பதைத் தாண்டிய, கால்பந்துப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் யாராவது உங்கள் வேலையிடத்தில் இருந்தால், மாமா அன்று கண்ணை மூடிக்கொண்டார் என்று சொல்லுங்கள். பிறகு, கோலா இல்லையா என்று கேளுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம். அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.