பன்னிரண்டாவது நட்டு

அந்தோணி கையை நீட்டி, "சாவியக் குடுங்கக்கா" என்றான். காரை ஸ்டார்ட் செய்யப் போகிறான் என்று நினைத்து காமாக்ஷி கொடுத்தாள். அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.

"ஒரு நட்டு குறையுது."

டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் பின்சந்தில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்ற அந்தக் கார் தொண்ணூற்றிரண்டாம் வருடத்தது. அன்றைக்கு 2006 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு வயதான அந்தக் கிழத்தை வைத்துக்கொண்டுதான் காமாக்ஷி நாலு வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கூரைமேல் ஒரு 'எல்' பலகை, இடதுபக்க இருக்கையின் கீழே இன்னொரு பிரேக். அவளுடைய டிரைவிங் ஸ்கூல் மொத்தமே அவ்வளவுதான்.

கோடையெல்லாம் ஒழுங்காக ஓடுகிற கார், மழை என்றால் படுத்துவிடும். பெட்ரோலைப் பற்றவைக்க இஞ்சினுக்கு இருந்தது ஒரே ஒரு காயில். அதிலிருந்து வருகிற மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற ஒரு சின்னக் குடுவை நாலு பிளக்குகளுக்கும் முறைவைத்துப் பிரித்து அனுப்பும். அதன் மூடிக்குள் கொஞ்சம் ஈரம் இறங்கினால் போதும், நாலும் சேர்ந்து அணைந்துவிடும். போன மாதம் சுஜாதா என்கிற பெண் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ரிங் ரோடு சிக்னலைத் தாண்டுகிற இடத்தில் அப்படித்தான் அணைந்தது. பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று நின்றபோது கண்ணாடியில் அதன் முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சேதி பரவி, இரண்டு பேர் அந்த வாரமே நின்றுவிட்டார்கள்.

மிச்சம் நாலு பேர். அவர்களுக்கு நாளைக் காலை பத்து மணிக்கு லைசென்ஸ் டெஸ்ட். கார் இவள்தான் கொண்டுபோக வேண்டும். வானமோ இரண்டு நாளாக இருட்டிக்கொண்டு கிடக்கிறது. நாளைக்கும் இந்தக் கார் நடுவில் படுத்தால், டில்லியில் அதற்கப்புறம் காமாக்ஷியை நம்பி ஒருத்தியும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டாள்.

அந்தோணி பாலம் விமானப்படைத் தளத்தில் இஞ்சின் பிரிவு சார்ஜென்ட். சொந்த ஊர் நாசரேத் பக்கம். அவன் மனைவி இந்தக் காரில்தான் ஓட்டப் பழகினாள். அந்த நன்றிக்கு அவனாகவே வந்து யோசனை சொன்னான்: டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாக ஒரு காயிலை உட்கார வைத்துவிடலாம். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைத்த கார்களிலிருந்து நாலு காயில் பொறுக்கி வந்தான். எந்தக் காயில் எப்போது பொறி விட வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு சின்னப் பெட்டியை வீட்டிலேயே செய்தான். இன்றைக்கு மாட்டுகிற வேலை. அது மூன்று மணிக்கெல்லாம் முடிந்தும் விட்டது.

ஆனால் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும்போது ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தரையில் விரிப்பான். ஸ்பானர், திருப்புளி, நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் அதில் வரிசையாக வைத்து எண்ணி ஓர் அட்டையில் எழுதுவான். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணுவான். கணக்கு ஒத்துப் போனால்தான் இஞ்சினை எழுப்புவான்.

"பன்னெண்டு நட்டு கொண்டாந்தேன்" என்றான் அந்தோணி. "எட்டு மாட்டியாச்சு. நாலு இருக்கணும்லா? மூணுதான் கெடக்கு."

"இங்கன தரையில எங்கயாவது உருண்டிருக்கும் தம்பி. பத்துப் பைசா பெறாத நட்டு."

"அங்க ஒரு ஸ்க்ரூ காணலன்னா பிளேனே கிளம்பாது, தெரியுமாக்கா? விங் கமாண்டர் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு வெயில்ல நிப்பாரு. நாங்க பூராப் பேரும் முட்டி போட்டுப் புல்லுல தேடுவோம்."

"இது பறக்கிற வண்டியில்லப்பா. நாற்பதுக்கு மேல போனாலே கதவு ஆடும்."

அந்தோணி சிரித்தான். ஆனால் சாவியைத் தரவில்லை. முட்டி போட்டுக் காருக்கு அடியில் நுழைந்தான்.

காமாக்ஷியும் குனிந்து தேடினாள். கைதான் தேடியது. மனசு இன்றைக்குக் காலை பதினொரு மணிக்குப் போய்விட்டது.

அப்போது பழைய பிளக்குகளைக் கழற்றியாகிவிட்டது. நாலு துளையிலும் துணியைத் திருகி அடைத்துவிட்டு, அந்தோணி ஒரு போன் பேச மாடிக்குப் போனான். அந்தத் துணிகள் தூசியும் கருப்புமாக இருந்தன. தினமும் காலையில் காரைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கை அவளுக்கு. அழுக்குத் துணியை இஞ்சினுக்குள் சொருகி வைத்திருக்கிறானே என்று நாலையும் உருவி, உதறி, புதுத் துணி கிழித்து அடைக்கப் போனாள். அப்போதுதான் முழங்கை பட்டு நட்டு டப்பா கவிழ்ந்தது. இஞ்சின்மேல் சிதறியதையெல்லாம் பொறுக்கி டப்பாவில் போட்டாள். எண்ணவில்லை. இஞ்சினுக்குள் எங்கேயோ 'ணங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்ட மாதிரியும் இருந்தது. அவன் இறங்கி வந்தபோது அதைச் சொல்லவில்லை.

சொன்னால் இப்போது என்ன ஆகும்? மாட்டியதையெல்லாம் கழற்றுவான். கிடைக்காவிட்டால் இஞ்சின் தலையையே தூக்க வேண்டும் என்பான். நாளைக் காலை பத்து மணி போச்சு.

சந்து முனையில் சுஜாதா வந்துகொண்டிருந்தாள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், கிட்வாய் நகர்க்காரி.

"ஆண்ட்டி, நாளைக்கு பக்கா தானே? நான் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டேன். இன்னொரு தடவ சிக்னல்ல நின்னுச்சுன்னா மம்மி என்னை வெளியவே விட மாட்டா, சச்சி, நிஜமா."

"பக்காதான். நீ போ. ஒன்பது மணிக்கு வந்து நில்லு."

சொல்லிய வாயை மூடுவதற்குள் அவள் கால் டிக்கிப் பக்கம் போனது. டிக்கியில் ஒரு பழைய சாக்குப் பை. அதில் கணவர் ராஜவேல் சேர்த்து வைத்த ஆணியும் நட்டும். அவர் அலுவலக வேலையாகக் கௌஹாத்தி போயிருந்தார். துழாவினாள். அதே அளவில் ஒன்று அகப்பட்டது. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல். சேலைத் தலைப்பில் தேய்த்தாள்.

"தம்பி, இந்தா. டயருக்குப் பின்னால கெடந்துச்சு."

அந்தோணி காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். முகமெல்லாம் மண். அவள் விரிப்பில் வைத்ததைப் பார்த்து மூச்சு விட்டான். "எட்டும் நாலும் பன்னெண்டு. அப்பாடா. நான் எங்க உள்ள போட்டுத் தொலைச்சேனோன்னு பயந்துட்டேங்க்கா." அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சாவியை எடுத்துக் கொடுத்தான். "நீங்களே போடுங்க. உங்க வண்டில்லா."

காமாக்ஷி ஏறி உட்கார்ந்தாள். சாவியைச் சொருகினாள். பானெட்டுக்குப் பக்கத்தில் அவன் கையைத் துடைத்துக்கொண்டு, காதைச் சாய்த்து நின்றான்.

உள்ளே நட்டு இல்லாமலும் இருக்கலாம். புல்லில் கிடக்கலாம். அப்படியானால் ஒன்றுமில்லை. இருந்தால் ஒரே சுற்றில் இஞ்சின் உடையும். உடைந்ததும் அவன் என்ன நினைப்பான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தன் வேலையில்தான் கோளாறு என்று நினைப்பான். கையெழுத்துப் போட்டவன் அவன்தானே. வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பான். இவள் பக்கத்தில் நின்று, போகட்டும் தம்பி என்று ஆறுதல் சொல்ல வேண்டும்.

"போடுங்கக்கா, ஜல்தி. மழை வருது."

அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"அது உன் நட்டு இல்ல."

அவன் புரியாமல் பார்த்தான். காலையில் நடந்ததை, துணி உருவியதிலிருந்து டப்பா கவிழ்ந்தது வரைக்கும், பின்பு டிக்கிச் சாக்கையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னாள். அந்தோணி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது. விரிப்பிலிருந்து அந்த மங்கல் நட்டைப் பொறுக்கி அவள் கையில் வைத்துவிட்டு, காயில்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

நாலு பிளக்கும் வெளியே வந்தன. டார்ச் அடித்துப் பார்த்தான். முதல் துளை சுத்தம். இரண்டாவதும். மூன்றாவதில் வெகுநேரம் பார்த்தான்.

"கெடக்கு" என்றான்.

நீளக் கம்பியின் நுனியில் காந்தம் வைத்த கருவியை உள்ளே விட்டான். அது நட்டை எட்டுவதற்கு முன்னால் பக்கத்து இரும்புச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. எடுத்து, காந்தத்தைச் சுற்றி டேப் ஒட்டி, நுனியை மட்டும் திறந்து வைத்து மறுபடி இறக்கினான். இப்போது சுவரில் ஒட்டவில்லை, ஆனால் நட்டும் அகப்படவில்லை. நட்டு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

"பிஸ்டன் அடியில நிக்கி. பாதி மேல வந்தாத்தான் நட்டு அசையும். ரொம்ப வந்தா மேல இடிச்சு நசுங்கும். நான் இங்கன பாத்துக்கிடுதேன். நீங்க இஞ்சினுக்கு முன்னால இருக்க பெரிய போல்ட்டுல ஸ்பானரப் போட்டுச் சுத்துங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

ஒரு ஜூஸ் ஸ்ட்ராவைத் துளைக்குள் நிற்க வைத்தான். பிஸ்டன் ஏறினால் ஸ்ட்ராவும் ஏறும். காமாக்ஷி ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் துளி மழை புறங்கையில் விழுந்தது.

"மெதுவா... இன்னும்... இன்னும் கொஞ்சம். நிறுத்து."

நிறுத்தினாள். ஸ்பானர் பின்னுக்குத் தள்ளியது, விடாமல் பிடித்தாள். வியர்வையில் கை வழுக்கியது. அவன் ஸ்ட்ராவை எடுத்துவிட்டுக் காந்தத்தை இறக்கினான். உள்ளே எதுவோ நகர்கிற சத்தம். கம்பி மேலே வந்தது, வெறுமனே.

"விட்றாதீங்கக்கா."

"விடல."

இரண்டாவது முறையும் வெறுமனே. மூன்றாவது முறை அவன் கம்பியை உயர்த்தும்போதே மூச்சை அடக்கியது தெரிந்தது. துளையின் விளிம்பில் தட்டி விழப் பார்த்து, விழாமல், எண்ணெயில் பளபளத்துக்கொண்டு நட்டு வெளியே வந்தது. அவன் அதைத் தொடவில்லை. கம்பியோடு அவளிடம் நீட்டினான். அவளே எடுத்து விரிப்பில் வைத்தாள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிக்க ஐந்தரை ஆகிவிட்டது. முதல் திருகலிலேயே இஞ்சின் பிடித்தது. அந்தோணி குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் காயில்கள்மேல் நிதானமாகத் தெளித்தான். சத்தத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"காப்பி குடிச்சிட்டுப் போயேன் தம்பி."

"இல்லக்கா, நேரமாச்சு." விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஸ்கூட்டரை உதைக்கும் முன்னால், "அடுத்த மாசம் ஒரு தடவ வந்து இறுக்கிக் குடுக்கேன். ஆனா அப்ப நீங்க கிட்ட வர வேண்டாம். வீட்டுக்குள்ளயே இருங்க" என்றான். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் கொட்டு கொட்டென்று கொட்டியது. இன்ஸ்பெக்டர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேரைக் கூப்பிட்டார். முதலில் சுஜாதா. காமாக்ஷி மற்ற மூன்று பேருடன் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். கார் எட்டுப் போட்டது, மேட்டில் ஏறியது, பாதி மேட்டில் குலுங்கி அணைந்தது.

காமாக்ஷி வேலிக் கம்பியைப் பிடித்தாள். மழை பானெட்டில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருத்தி, "போச்சு, ஆண்ட்டி" என்றாள்.

உள்ளே சுஜாதா கையால் நெற்றியில் அடித்துக்கொள்வது தெரிந்தது. கியரை விடுவித்தாள். சாவியைத் திருகினாள். இஞ்சின் உடனே எழுந்தது. காயிலில் கோளாறு ஒன்றுமில்லை, கிளட்ச்சை விடுகிறபோது பெண் அவசரப்பட்டிருக்கிறாள். இந்த முறை கார் பின்னால் உருளாமல் மேட்டைத் தாண்டி இறங்கியது. இன்ஸ்பெக்டர் நனைந்த தாளில் எதையோ எழுதினார். பாஸா ஃபெயிலா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"காலை எடுக்கிறதுக்கு என்னடி அவசரம்" என்று காமாக்ஷி முணுமுணுத்தாள். வேலிக் கம்பியை விட்டுவிட்டு, அடுத்த பெண்ணின் கையைப் பிடித்து மழைக்குள் முன்னே தள்ளினாள்.