ஐவர் குழுவில் ஆறாவது செருப்பு

இதனால் மொழியுலகம் முழுமைக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பதினெட்டு ஆண்டு கால அயராத உழைப்புக்குப் பின், ஆங்கிலம்–தமிழ்ப் பேரகராதியின் முதல் தொகுதியில் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. மொழியுலகம் இதைக் கேட்டுத் திடுக்கிட்டதாகத் தகவல் இல்லை.

சொல், ‘இன்ஃபில்ட்ரேட்’ என்கிற வினைச்சொல். அது முடிந்தால் தொகுதி அச்சுக்குப் போகும். முகப்பில் ஐந்து பெயர்கள் வரும். ஐந்தேதான், ‘ஐவர் குழு’ என்று அமைப்பு விதியிலேயே இருந்தது. தலைவர் அந்த இரண்டு சொற்களை உச்சரிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும்போல இருக்கும். அந்த ஐந்தில் ஒன்றாக வரத்தான் துணையாசிரியர் பதினெட்டு வருடமாகத் தலைவரின் தும்மலுக்கும் தலையாட்டி வந்தார். முகப்புப் பக்கத்தை மாட்டுவதற்கு அவர் மனைவி கண்ணாடிச் சட்டம்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

“ஊடுருவு. முடிஞ்சுது,” என்றார் இலக்கணம் பார்ப்பவர்.

“ஈட்டிகூடத்தான் ஊடுருவும்,” என்றார் துணையாசிரியர். “இது சத்தமில்லாம, கொஞ்சம் கொஞ்சமா உள்ள வர்றது. உள்ள இருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது.”

“சுவத்துல தண்ணி ஊறுதே, அது?” என்று கேட்டார் தட்டச்சு அக்கா. அலுவலகத்தின் வடக்குச் சுவரில் ஊறிய தண்ணீர் நியமனக் கடிதங்கள் இருந்த அலமாரியை என்றைக்கோ தின்றுவிட்டிருந்தது.

“அதுவும்தான்.”

“உதாரண வாக்கியம் வரட்டும்,” என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. உதாரண வாக்கியத்தை அட்டையில் எழுதி, பெயர் போடாமல் மரப்பெட்டியில் போட வேண்டும். காலை பதினொரு மணிக்குத் தலைவர் பெட்டியைத் திறந்து வாசிப்பார். ஆளைப் பார்க்காமல் வாக்கியத்தைப் பார்க்கும் உயரிய ஏற்பாடு.

மறுநாள் பெட்டியில் ஓர் அட்டை இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. “முதலில் செருப்பை மட்டும் உள்ளே அனுப்பு.”

“இது வாக்கியமா, வேலைத் திட்டமா?” என்று சிரித்தார் மெய்ப்புப் பார்ப்பவர். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்த துணையாசிரியர் செருப்புப் பலகையில் ஆறு ஜோடி இருப்பதைப் பார்த்தார். ஆறாவது, பழுப்பு நிறம், பெருவிரல் அழுந்திப் பள்ளம் விழுந்த, நன்றாக உழைத்த செருப்பு.

“யாருது இது?”

“உங்களுதுன்னு நெனச்சேன்,” என்றார் அக்கா.

அடுத்த அட்டை: “கோப்பையை வைத்துவிட்டு வா. தேநீர் தானாக நிரம்பும்.” அன்று தட்டில் ஆறு கோப்பைகள் வந்தன. பதினைந்து நிமிடம் கழித்து ஆறும் காலியாக இருந்தன. குழு அதற்குள் ‘தானாக’ என்பது தேவையா என்ற விவாதத்தில் மும்முரமாக இருந்தது.

மூன்றாவது அட்டை: “தலைவர் சொல்வதற்கு முன்பே ஆமாம் சொல்.”

“பரவாயில்லையே, நல்ல நடை,” என்றார் தலைவர்.

“ஆமாம்,” என்றது ஒரு குரல்.

அது துணையாசிரியரின் குரல் இல்லை. அவர் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தார். மேஜையின் கோடியில், தண்ணீர் ஊறிய சுவரை ஒட்டி, ஒருவர் உட்கார்ந்திருந்தார். வழித்து வாரிய தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா.

“நீங்க யாரு சார்?” என்று எழுந்தே விட்டார் துணையாசிரியர்.

அந்த ஆள் அன்பாகச் சிரித்தார். “வாங்க, ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க.”

துணையாசிரியர் அக்காவைத் தனியே இழுத்தார். “அக்கா, யாரு இவரு?”

“நம்ம சார்தானே? ரொம்ப நாளா இருக்காரே.”

“எத்தனை நாளா?”

அக்கா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் எதுவும் தெரியாமல் போனது. “இருக்காரு,” என்றார் கடைசியில்.

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பார்கள். இந்த ஆள் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, சொல்லின் இறுதி அட்டை கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. “நான் போட மாட்டேன்,” என்றார் துணையாசிரியர். “இந்த அட்டைகளை யார் எழுதறாங்கன்னு தெரியாம கையெழுத்து கெடையாது. இங்க அஞ்சு பேர்தான். எண்ணிப் பாருங்க!”

தலைவர் எண்ணினார். ஆறு. அதிர்ந்துபோனார். “ஐவர் குழுவில ஆறு பேரா! அவமானம்! நடவடிக்கைப் பதிவேட்டைக் கொண்டாங்க. வந்தவங்க பேரு அதுல இருக்கும்.”

துணையாசிரியருக்கு உயிர் வந்தது. பதினெட்டு வருடப் பதிவேடு, ஒவ்வொரு பக்கமும் அவர் கைப்பட எழுதியது. ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியும் ஒன்றே: ‘அனைவரும் வந்திருந்தனர்.’ பெயர்களைப் பட்டியலிடுவது குமாஸ்தாத்தனம் என்று முதல் கூட்டத்திலேயே வாதாடி வென்றவர் அவர்தான்.

“சரி,” என்றார் தலைவர், “அட்டையில எத்தனை கையெழுத்து இருக்கு?”

“அஞ்சு,” என்றார் மெய்ப்புப் பார்ப்பவர். ஐந்தாவது, முத்து முத்தாக இருந்தது.

“அப்புறம் என்ன? போட்டவங்க ஐவர். ஐவர்தான் குழு.”

“சார், பதினெட்டு வருஷம்! என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, பார்த்தார். “பாத்த மாதிரிதான் இருக்கு,” என்றார் மரியாதையாக.

வாசல்வரை அந்த ஆள் கூடவே வந்தார். குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “கீழ் மாடி காப்பீட்டு ஆபீஸ்ல எனக்கும் இருபத்திரண்டு வருஷம் இருந்தது சார். ஒரு நாள் போய்ப் பாத்தா என் நாற்காலியில ஆள். ‘வாங்க, உக்காருங்க’ன்னான்.” பையிலிருந்து அந்த மூன்று அட்டைகளையும் எடுத்துத் துணையாசிரியரின் கையில் வைத்தார். “எனக்கு வேலை முடிஞ்சுது. வெச்சுக்குங்க.”

வீட்டில் கண்ணாடிச் சட்டம் காத்திருந்தது. வெறும் சட்டத்தை நினைத்தபடி துணையாசிரியர் படியில் வெகுநேரம் நின்றார். பிறகு, இறங்குவதற்குப் பதில் ஏறினார். மேல் மாடியில் நிலவரைபட அலுவலகம். வாசல் பலகையில் ஏழு ஜோடி செருப்பு. தன்னுடையதைக் கழற்றி, ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வைத்தார். வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஒரு கோப்பையோடு வந்தார்.

அங்கே தேநீர் சுமார்தான்.