மேல்மாடி காலி

ஒரு மனிதன் எந்த இடத்தில் உயிரை விடுகிறான் என்பது பிரம்மா எழுதியது. அதை மாற்ற யாராலும் ஆகாது. வெள்ளியங்கிரியின் மகன் பிரபாகர் அதை ஒரு படிக்கட்டின் நீளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

அப்பாவின் தோள்களை அவன் பிடித்திருந்தான். கால்களைப் பிடித்தபடி அவனுடைய கார் டிரைவர் மாரி முன்னால் இறங்கினான். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. படிக்கட்டில் பல்பு கிடையாது. தங்கை கயல்விழி பின்னால் நின்று செல்போன் வெளிச்சத்தைக் காட்டினாள்.

"வெளிச்சத்தக் கீழ காட்டு அம்மிணி. தெருப்பக்கம் போகுது பாரு," என்றான் பிரபாகர்.

படி திரும்பும் இடத்தில், நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர்களுக்கு நடுவே வழி குறுகலாக இருந்தது. மாரி நின்றான்.

"காலு செவுத்துல ஒரசுதுங்க."

"ஒரசுனா ஒரசட்டும். அவருக்கென்ன இனி வலிக்கவா போகுது."

சொன்ன பிறகு பிரபாகருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "மெல்ல, மெல்ல," என்று மாரியை அதட்டினான்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் சேலத்துக்குப் போன் போட்டிருந்தாள். அப்பா போய்விட்டார் என்றதும் அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டான்:

"எங்க இருக்காரு?"

"என்ற கட்டில்ல."

"மேலயா?"

"ம்."

"ஆருகிட்டயும் சொல்லாத. இதா வாரேன்."

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கார் எப்படிப் பறந்து வந்ததோ தெரியவில்லை. வந்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், ஒருமுறை அழுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தான். நகராட்சியில் சாவைப் பதியும்போது கதவு எண் கேட்பார்கள். கீழ் வீடு பதினாலு, மேலே பதினாலு ஏ. பதினாலு ஏ காலி என்று எழுதிக் கொடுத்துத்தான் வருஷக்கணக்கில் சொத்து வரியில் தள்ளுபடி வாங்கிக்கொண்டிருக்கிறோம். காலி வீட்டில் ஒருத்தர் எப்படிச் சாக முடியும்?

"சாவு எழுதற சீட்டுக்கும் வரி வாங்கற சீட்டுக்கும் நடுவுல ஒரு பீரோதான் கண்ணு. நாளைக்கு ஊட்டப் பேரு மாத்தப் போறப்ப எல்லாத்தையும் கிண்டுவாங்க. பழைய பாக்கி, அபராதம்னு தீட்டிருவாங்க. அப்பா பேருதான் கெடும்."

அப்பா பேர் என்றால் சாதாரணப் பேர் இல்லை. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வெள்ளியங்கிரி அந்த வீதிக்கு வரி மந்திரியாக இருந்தார். ஏப்ரல் ஒண்ணாந் தேதி நகராட்சிக் கவுண்டர் திறப்பதற்கு முன்பே வெள்ளை வேட்டியில் போய் நிற்பார். சீக்கிரம் கட்டுகிறவர்களுக்கு வரியில் ஐந்து சதவீதம் திரும்ப உண்டு. ரசீதை மடிக்காமல் கையில் பிடித்தபடி, மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவர் மாதிரி வீதியின் நடுவில் நடந்து வருவார். டீக்கடையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பாடம் நடக்கும். எதிர்வீட்டுப் பட்டாளத்துக்காரர் குடும்பத்துக்கு என்ன சலுகை, கட்டி முடிக்காத வீட்டுக்கு என்ன கணக்கு, அளவு தப்பாக எழுதியிருந்தால் எங்கே மனுப் போடுவது. "சலுகைங்கறது பிச்சை இல்லீங்க, உரிமை. கேக்காதவனுக்கு எவனும் குடுக்க மாட்டான்," என்று முடிப்பார். நாலு பேருக்கு உண்மையிலேயே வேலை நடந்துமிருந்தது.

அவருடைய சாதனைகளில் தலையாயது அந்த மேல்மாடித் தள்ளுபடி. குடியிருந்தவர்கள் காலி செய்துபோன வாரமே மனுக் கொடுத்தார். அதற்கடுத்த மாதம் கயல்விழி திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இரண்டு பைகளோடு திரும்பி வந்துவிட்டாள். கீழே ஒரே ஒரு படுக்கையறை. அப்பா மேல்வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். கூடவே விதிகளையும் கொடுத்தார். தெருப்பக்கச் சன்னலைத் திறக்கக் கூடாது. துணியைப் பின்பக்கம் காயப்போட வேண்டும். வாசலில் கோலம் வேண்டாம். இருட்டிய பிறகு முன்னறையில் விளக்கு எரியக் கூடாது. படிக்கட்டுப் பல்பை அவரே ஸ்டூல் போட்டுக் கழற்றினார்.

வீதியில் கேட்டவர்களுக்கு, "லீவுக்கு வந்திருக்குது," என்றார். அந்த லீவு ஆறு வருஷமாக நடந்தது. காலி என்ற சொல் நகராட்சிக்கும் ஆயிற்று, சொந்தபந்தத்துக்கும் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் கீழேயே வைத்துவிட்டுப் போனார்கள். அவள் காலையில் லாரி புக்கிங் ஆபீசுக்குக் கணக்கு எழுதப் போவாள். இருட்டும்போது பின்வழியாக ஏறிக்கொள்வாள்.

அவள் வந்து கை கால் கழுவியதும் அப்பா மேலே வருவார். "லைட்டு எரியுதான்னு பாக்க வந்தேன்," என்பார். எரியாது. அது தெரிந்த பிறகும் போக மாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு தட்டில் பொரிகடலை வைப்பாள். இருட்டில் இரண்டு பேரும் தின்பார்கள். "ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சனை இல்லியே," என்று கேட்பார். "இல்லீங்கப்பா," என்பாள். அவ்வளவுதான் பேச்சு. தட்டு காலியானதும் எழுந்து, தடவித் தடவிப் படியிறங்கிப் போவார்.

அன்றைக்குப் பொரி அப்படியே இருந்தது. "கொஞ்சம் சாஞ்சுக்கறேன் சாமி," என்று சொல்லி, அதுவரை உட்கார்ந்தே பார்த்திராத அவளுடைய கட்டிலில் படுத்தார். தண்ணீர் கொண்டுவந்தவள் இருட்டில் இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை விளக்கைப் போட்டாள்.

கீழே கூடத்தில் கிடத்திய பிறகுதான் அப்பா அதிகாரபூர்வமாக இறந்தார். வீதி திரண்டது. டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். டிவி பார்த்துக்கொண்டே இருந்தார், அப்படியே தலை சாய்ந்துவிட்டது என்று பிரபாகர் ஒவ்வொருவரிடமும் சொன்னான். சொல்லச் சொல்ல அதில் மெருகு ஏறியது. ஒரு கட்டத்தில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது என்றான்.

இளம்பிள்ளை ஊரிலிருந்து குஞ்சம்மாள் அத்தை வந்து, தன் அண்ணன் வெள்ளியங்கிரியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுது ஓய்ந்தாள். பிறகு கேட்டாள்:

"உசுரு போன எடம் எதுப்பா? வெளக்கு வெக்கோணும்ல. காரியம் முடியற வரைக்கும் அந்த எடம் இருட்டாக் கெடக்கக் கூடாது."

பிரபாகர் டிவிக்குக் கீழே கையைக் காட்டினான். அத்தை கயல்விழியைப் பார்த்தாள்.

"நீ பக்கத்துல இருந்தியா சாமி?"

கயல்விழி வாயைத் திறந்தாள்.

"அவ எங்க இருந்தா, ஆபீஸ் உட்டு வரவே நேரமாயிருச்சு," என்றான் பிரபாகர்.

அவள் எழுந்து போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்தாள். டிவிக்குக் கீழே அத்தை விளக்கை வைக்க, அவள் எண்ணெய் ஊற்றினாள். மேலே, கட்டிலின் மேல் இருந்த தலையணைக் குழி அவள் நினைவுக்கு வந்தது. அங்கே இருட்டாக இருக்கும்.

விடிந்ததும் கூட்டம் கூடியது. கீழே ஒரு குளியலறை போதவில்லை. இளம்பிள்ளைக்காரர்கள் மேலே ஏறிவிட்டார்கள். தெருப்பக்கச் சன்னல் பரக்கத் திறந்தது. யாரோ ஈரத் துண்டை அதில் காயப்போட்டார்கள். பிரபாகர் போய் எடுத்துவிட்டு வருவதற்குள் வாசலில் மாலையோடு ஒருவர் வந்து நின்றார். நகராட்சி பில் கலெக்டர் மணிமாறன்.

பிரபாகர் பாய்ந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். மணிமாறன் மாலையைப் போட்டுக் கும்பிட்டுத் திரும்புகிற வரைக்கும் விடவில்லை.

"சொந்தக்காரங்க நெறைய வந்துட்டாங்க. அதான் மேல இன்னிக்கு ஒரு நாளைக்குத் தொறந்து உட்டிருக்கோம். மத்தபடி காலிதானுங்க. உங்களுக்கே தெரியும்."

மணிமாறனுக்குப் புரியவில்லை.

"எதுங்க காலி?"

"மேல் போர்ஷனுங்க. நம்ம தள்ளுபடி."

"அதயா சொல்றீங்க." மணிமாறன் குரலைத் தாழ்த்தினார். அப்படியும் அது கூடத்து நிலையருகே நின்ற கயல்விழிக்குக் கேட்டது. "அந்த மனுவ மொதத் தடவையே ஆகாதுன்னு தள்ளிட்டாங்களேங்க. கரண்டு மீட்டர் ஓடிட்டிருந்துச்சு. ஆள் இல்லாத ஊட்ல மீட்டர் எப்படிங்க ஓடும்? ஐயா கரண்டு ஆபீஸ்லயே வேலை பாத்தவரு, அவருக்கே அது தோணாமப் போச்சு பாருங்க. மறுபேச்சுப் பேசல. அன்னிக்கிருந்து ரெண்டுக்கும் முழு வரிதான். ஏப்ரல் ஒண்ணாந் தேதி மொத ஆளு."

"எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களே."

"'வெளிய சொல்லிராதீங்க மணிமாறன்'னாரு. டீக்கடைல அத்தன பேசறவரு, பாவம். நானும் உட்டுட்டேன்."

 பிரபாகர், சவ வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க வீதிக்குப் போனான். வண்டி எப்போதோ வந்து அங்கேதான் நின்றிருந்தது.

அப்பாவைக் குளிப்பாட்டச் செம்பு எடுக்கக் கயல்விழி மேலே போனாள். போகிற வழியில், என்ன நினைத்தாளோ, படிக்கட்டு சுவிட்சைத் தட்டினாள். எதுவும் எரியவில்லை. நிமிர்ந்து வெறும் ஹோல்டரைப் பார்த்தாள். பட்டப்பகல்தான். ஆனாலும் மேற்கொண்டு ஏறச் சற்று நேரம் பிடித்தது. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. தட்டிலிருந்த பொரியை இளம்பிள்ளைக்காரர்களின் பிள்ளைகள் தின்று தீர்த்திருந்தார்கள். லைட்டு எரியுதான்னு பாக்க வந்தேன். ஒருநாள் தவறாமல் அதைத்தான் சொன்னார். மழை நாளில் குடையோடு வந்தும் அதையேதான் சொன்னார்.

கீழே அத்தை கூப்பிட்டாள். "அம்மிணி, சீயக்காய் வெக்க வா. நேரமாவுது."

வாசலில் பெஞ்சின் மேல் அப்பாவை வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தார்கள். கயல்விழி தலைக்கு வைத்துவிட்டுக் கால்மாட்டுக்கு வந்தாள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். வலது குதிகாலை மட்டும் மறுபடி மறுபடி தேய்ப்பதைப் பார்த்து அத்தை குனிந்தாள்.

"அதென்ன சாமி, நீலமா?"

பிரபாகர் பந்தல்காரரிடம் ஏதோ கேட்கத் திரும்பினான்.

"படிக்கட்டுச் செவுத்துச் சுண்ணாம்புங்கத்தை," என்றாள் கயல்விழி.

அத்தை அண்ணாந்து மேல்மாடிச் சன்னலைப் பார்த்தாள். கூடத்தில் டிவிக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள்.  செம்பை வாங்கி, அவள் தேய்க்கிற இடத்தில் தண்ணீர் விட்டாள்.

அப்பாவுக்குப் பித்தவெடிப்பு உண்டு. வெடிப்புக்குள் புகுந்த நீலம் சீயக்காய்க்குப் போகவில்லை. அப்படியே எடுத்துப் போனார்கள்.